சாலையில் போலீஸ் மறிக்கும்போது பலப்பிரயோகத்தைக் குறைக்க: பயிற்சியா, கேமராவா, மறிப்பதையே குறைப்பதா?

அமெரிக்காவில் குடியுரிமை வாங்கி, உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போடத் தொடங்கிய வாசகர்கள் சிலர் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "எங்கள் நகர மன்றத்தில் போலீஸ் பட்ஜெட் விவாதத்துக்கு வருகிறது. சாலையில் வண்டியை மறிக்கும்போது நடக்கும் அடிதடியையும் துப்பாக்கிச் சூட்டையும் குறைக்க ஏதாவது செய்யவேண்டும் என்கிறார்கள். அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பது, உடம்பில் மாட்டும் கேமரா வாங்குவது, சின்னக் காரணங்களுக்கு வண்டியை மறிக்காமல் விடுவது, போலீஸையே இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவது என்று நாலு யோசனை இருக்கிறது. பொதுமக்கள் பேச இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். எதைக் கேட்பது?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஊர்களுக்கு முதல் வேலை, அவசியமில்லாத மறிப்புகளைக் குறைப்பது. அதற்கடுத்தது பயிற்சி. ஒருமுறை வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுப்பது போதாது. மேலதிகாரி கண்காணிப்போடு சேர்ந்த பயிற்சி வேண்டும். மற்ற இரண்டும் இவற்றுக்குத் துணை நிற்பவை. ஆனால் ஊருக்கு ஊர் நிலைமை மாறும், அதனால் காரணங்களோடு பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

அமெரிக்கச் சாலைகளில் நாளொன்றுக்கு 50,000-க்கும் மேல் வண்டிகளைப் போலீஸ் மறிக்கிறது என்பது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் திறந்த காவல் தரவுத் திட்டத்தின் கணக்கு. ஆண்டுக்குச் சுமார் 2 கோடி. பெரும்பாலானவை ஒரு சீட்டோடோ எச்சரிக்கையோடோ முடிந்துவிடுகின்றன. ஆனால் 2021-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் இப்படி மறிக்கப்பட்டபோது கொல்லப்பட்டவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் கையில் துப்பாக்கியோ கத்தியோ எடுத்தவர்கள் அல்ல. வன்முறைக் குற்றத்துக்காகத் துரத்தப்பட்டவர்களும் அல்ல.

ஆகவே முதல் அளவுகோல்: இந்த யோசனையால் அடிபடுபவர்கள் குறைவார்களா? இதில் ஓட்டுநர், அதிகாரி இருவரையும் சேர்த்தே எண்ணவேண்டும். இரண்டாவது: சாலைப் பாதுகாப்பு கெடாமல் இருக்குமா? 2021-இல் அமெரிக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 42,000-க்கும் மேல். வேகத்தையும் குடிபோதையையும் யாரும் கேட்காமல் விட்டுவிட முடியாது. மூன்றாவது: இதைச் செய்ய நகரத்துக்கு அதிகாரம் உண்டா, இல்லை மாநிலச் சட்டசபை வந்து ரத்து செய்துவிடுமா? இதைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்கவேண்டும். நான்காவது செலவு, அதிலும் முதல் ஆண்டு பட்ஜெட்டில் தெரியாத செலவு.

## பயிற்சி

அமெரிக்கப் போலீஸ் பயிற்சிப் பள்ளிகளில் அடிப்படைப் பயிற்சி சராசரியாக 830 மணி நேரத்தை ஒட்டி இருக்கிறது. அதில் துப்பாக்கிக்கு மட்டும் 70 மணிக்கு மேல். பேசிப் பதற்றத்தைத் தணிப்பதற்கு அதில் சிறு பங்குதான் கிடைக்கிறது. மணிக்கணக்கை விடப் பெரிய சிக்கல், மனதில் ஏற்றப்படும் பயம். மறித்த வண்டியின் ஜன்னலருகே நின்ற அதிகாரி சுடப்பட்டு விழும் வீடியோக்களைத் திரும்பத் திரும்பக் காட்டி, ஒவ்வொரு ஓட்டுநரும் உன்னைக் கொல்லக்கூடும் என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு.

ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. அதிகாரிகள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அளவு என்ன? ஜோர்டன் பிளேர் வுட்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் ஃபுளோரிடாவில் 200-க்கும் மேற்பட்ட காவல் அமைப்புகளின் பத்தாண்டுப் பதிவுகளைப் பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சாலை மறிப்புகளில் அதிகாரி கொல்லப்படுவது 65 லட்சத்துக்கு ஒன்று, தாக்கப்பட்டுப் பலத்த காயமடைவது சுமார் 3.6 லட்சத்துக்கு ஒன்று என்று கணக்கு வந்தது. இந்த எண்களைப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தாலே பாதிப் பயம் போகும் என்பது என் எண்ணம்.

2016 ஜூலையில் மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் ஃபிலாண்டோ காஸ்டீல் மறிக்கப்பட்டார். தன்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதை அவரே அதிகாரியிடம் சொன்னார். சில விநாடிகளில் சுடப்பட்டார். சுட்ட அதிகாரி "போர்வீரர்" மனநிலையைக் கற்றுத்தரும் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவர் என்பது பிறகு வெளியே வந்தது. வழக்கில் அவர் விடுதலையானார். 2019-இல் மினியாபொலிஸ் நகரம் அந்த வகைப் பயிற்சிக்குத் தடை போட்டது. உங்கள் ஊர் அதிகாரிகள் வெளியே என்னென்ன வகுப்புகளுக்குப் போகிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. ஒருபக்கம் நகரமே பணம் கொடுத்துத் தணிப்புப் பயிற்சி நடத்த, மறுபக்கம் அதே அதிகாரி இப்படியொரு வகுப்பில் உட்கார்ந்தால் எது நிற்கும்?

நல்ல பயிற்சி என்னவெல்லாம் சொல்லிக்கொடுக்கிறது? அவசரப்படாதே, இடைவெளி விடு, மறைவு தேடு, நேரம் கிடைத்தால் பேசு. இரண்டு அதிகாரிகள் இருந்தால் ஒருவர் மட்டும் பேசவேண்டும், மற்றவர் காவல் நிற்கவேண்டும். 2023 ஜனவரியில் டென்னசியின் மெம்ஃபிஸில் டையர் நிக்கல்ஸ் வண்டியிலிருந்து இழுத்துப் போடப்பட்டு அடிக்கப்பட்ட வீடியோவை ஆராய்ந்த நியூயார்க் டைம்ஸ், சுமார் 13 நிமிடத்தில் குறைந்தது 71 கட்டளைகளை எண்ணியது. பல ஒன்றுக்கொன்று முரணானவை. கையைக் காட்டு என்று ஒருவர் கத்துகிறார், இன்னொருவர் அந்தக் கைகளையே பிடித்துக்கொண்டிருக்கிறார். மூன்று நாளில் அவர் இறந்துபோனார். அங்கே நடந்தது அப்பட்டமான தாக்குதல். பயிற்சிக் குறை என்று மட்டும் சொல்லி முடிக்க முடியாது. ஆனால் முரண்பட்ட கட்டளைகள் சின்னச் சின்ன மறிப்புகளிலும் நடக்கின்றன, அவற்றைப் பயிற்சியால் திருத்த முடியும்.

இன்னொன்று, தொடக்க நொடிகள். கறுப்பின ஆண்களை மறித்த 577 சம்பவங்களின் உடல் கேமராப் பதிவுகளை எடுத்து, அதிகாரி பேசிய முதல் 45 சொற்களை மட்டும் அலசிய ஆய்வொன்று 2023-இல் வந்தது. கைவிலங்கு, சோதனை, கைது என்று முற்றிப்போன சம்பவங்களில், அதிகாரி காரணம் சொல்லாமல் கட்டளையோடு ஆரம்பித்திருப்பது கூடுதலாகத் தெரிந்தது. "வணக்கம், இன்ன காரணத்துக்காக நிறுத்தினேன்" என்று தொடங்குவதற்குப் பெரிய செலவில்லை. கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி முதல், வேறு விசாரணையைத் தொடங்கும் முன் மறித்த காரணத்தைச் சொல்லவேண்டும் என்பது சட்டமாகவே இருக்கிறது, சில விலக்குகளோடு.

நம் ஆட்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். ஊரில் போலீஸ் மறித்தால் வண்டியை ஓரம்கட்டி, இறங்கிப் போய், "சார்" என்று பேசுவதுதான் மரியாதை. அமெரிக்காவில் சொல்லாமல் இறங்கினால் அதையே மிரட்டலாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு இதைச் சொல்லிவைப்பது நம் கடமை, சரி. ஆனால் இங்கிலீஷ் புரியாத ஒருவர் கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்றால் அது எதிர்ப்பு ஆகாது என்று அதிகாரிக்குச் சொல்லிவைப்பது யார் கடமை? 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசனில், பேரனைப் பார்க்க வந்திருந்த 57 வயது இந்தியர் ஒருவர் தெருவில் நடந்து போனபோது தரையில் வீசப்பட்டு, உடலின் ஒரு பகுதி செயலிழந்தார். அது வாகன மறிப்பு அல்ல, ஆனால் அதே பயிற்சிக் குறைதான்.

பயிற்சி பலன் தருமா? தரும் என்பதற்கு இருப்பதில் வலுவான சான்று கென்டக்கியின் லூயிவில் நகரத்திலிருந்து வருகிறது. காவல் நிர்வாக ஆய்வு மன்றம் 2016-இல் உருவாக்கிய தணிப்புப் பயிற்சியை அங்கே படிப்படியாகக் கொடுத்து ராபின் எங்கல் தலைமையிலான ஆய்வாளர்கள் அளந்தார்கள். பலப்பிரயோகம் 28 சதவீதமும், பொதுமக்கள் காயம் 26 சதவீதமும், அதிகாரிகள் காயம் 36 சதவீதமும் குறைந்தன. அதிகாரிகள் காயம் அதிகமாகக் குறைந்ததைக் கவனியுங்கள். போலீஸ் சங்கத்தோடு பேச இதைவிட நல்ல எண் கிடைக்காது.

ஆனால் அதே லூயிவில் காவல்துறையைப் பற்றித்தான் 2023 மார்ச்சில் மத்திய நீதித்துறை அமைச்சகம் கடுமையான அறிக்கை கொடுத்தது: அளவுமீறிய பலப்பிரயோகம், சட்டவிரோதமான சாலை மறிப்புகள், கறுப்பின மக்கள்மீது பாகுபாடு. ஆக, பயிற்சி ஒரு சம்பவம் போகிற போக்கை மாற்றுகிறது. யாரை, எதற்காக மறிப்பது என்பதை அது தொடுவதில்லை.

அனுபவமும் முழுக் காப்பு அல்ல. 2021 ஏப்ரலில் மினசோட்டாவின் புரூக்ளின் சென்டரில், காலாவதியான பதிவு வில்லைக்காக மறிக்கப்பட்ட டான்டே ரைட்டை, டேசர் என்ற மின்னதிர்ச்சிக் கருவி என்று நினைத்துத் துப்பாக்கியால் சுட்டவர் 26 ஆண்டு அனுபவசாலி. அன்று அவர் புதிய அதிகாரிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

தெரியாத செலவு: வகுப்புக்குப் போகும் அதிகாரியின் ஷிஃப்டை நிரப்ப ஓவர்டைம் கொடுக்கவேண்டும். பயிற்சியாளர் கட்டணத்தைவிட இது பெரியதாக வரும், ஆனால் தீர்மானத்தில் எழுதமாட்டார்கள். கற்றது தேய்ந்துபோகும் என்பதால் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். சார்ஜென்ட்டுகளுக்கும் தனிப் பயிற்சி வேண்டும், ஏனென்றால் புதியவரிடம் "பள்ளியில் படித்ததை மறந்துவிடு" என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

பயிற்சிக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2016-இல் ஹூஸ்டன் அருகே சுங்கக் கட்டணப் பாக்கிக்காக மறிக்கப்பட்ட காரின்மேல் அதிகாரி தாவி ஏறி ஓட்டுநரைச் சுட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆபத்து தோன்றிய அந்த நொடியை மட்டும் பார்க்கக்கூடாது, முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றது. எங்கே நிற்பது, எப்போது பின்வாங்குவது என்ற முடிவுகள் இனி நீதிமன்றத்திலும் எடைபோடப்படும். நகர வழக்கறிஞருக்கு இது புரியும்.

## சின்னக் காரணங்களுக்கு மறிக்காமல் விடுவது

1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பொன்றின்படி, ஏதோவொரு போக்குவரத்து விதிமீறல் கண்ணில் பட்டால் போதும். அதிகாரியின் உண்மையான நோக்கம் வேறாக இருந்தாலும் மறிப்பு செல்லும். ஒற்றை விளக்கு எரியவில்லை, கண்ணாடியில் வாசனை அட்டை தொங்குகிறது என்று சாக்குச் சொல்லி மறித்து, போதைப்பொருளோ துப்பாக்கியோ கிடைக்குமா என்று தேடுவது அப்படித்தான் வழக்கமானது. சாலை விபத்துக்கும் இந்த மறிப்புகளுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

ஃபிலடெல்ஃபியா 2021-இல் சட்டம் போட்டு, 2022 மார்ச் முதல் எட்டு வகைச் சிறு மீறல்களுக்கு அதை மட்டும் காரணமாக வைத்து மறிக்கக்கூடாது என்றது. பதிவு காலாவதியாகி 60 நாளுக்குள் இருப்பது, ஒரு விளக்கு எரியாதது, சோதனை வில்லை இல்லாதது போன்றவை. மாநில அளவில் வர்ஜீனியா 2021 மார்ச்சில் இதே வழியில் போனது. லாஸ் ஏஞ்சலஸ் சட்டம் போடாமல், 2022-இல் காவல்துறைக் கொள்கையையே மாற்றியது: சிறு மீறலுக்கு மறித்தால், அதற்கு மேல் என்ன சந்தேகம் என்பதை உடல் கேமராவில் பதிவாகும்படி சொல்லவேண்டும்.

குற்றம் பெருகிவிடாதா என்பது நியாயமான கேள்வி. வட கரோலினாவின் ஃபாயெட்வில்லில் காவல்துறைத் தலைவர் ஹெரால்ட் மெட்லாக் காலத்தில், 2013 முதல் 2016 வரை, வேகம், சிக்னல் மீறல், குடிபோதை ஆகியவற்றுக்கு முன்னுரிமை கொடுத்துச் சாக்கு மறிப்புகளைக் குறைத்தார்கள். பிறகு வந்த ஆய்வில், ஒப்பிடத்தக்க ஊர்களோடு வைத்துப் பார்த்தபோது விபத்துச் சாவுகள் குறைந்திருந்தன, மற்றக் குற்றங்கள் கூடவில்லை, மறிக்கப்பட்டவர்களில் கறுப்பின மக்களின் பங்கும் குறைந்தது. மறிப்பைக் குறைப்பது என்றால் போலீஸைச் சும்மா உட்காரச் சொல்வதல்ல, ஆபத்தான ஓட்டுநர் பக்கம் திருப்புவது. எனக்கு இந்த வழி பிடித்துப்போனதற்கு ஃபாயெட்வில்தான் காரணம்.

செலவும் அதிகமில்லை. காவல்துறைத் தலைவர் ஒரு உத்தரவு போட்டால் நாளைக்கே தொடங்கலாம்.

பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. டையர் நிக்கல்ஸ் இறந்தபின் 2023 ஏப்ரலில் மெம்ஃபிஸ் நகர மன்றம் இதே மாதிரிச் சட்டம் போட்டது. 2024 மார்ச்சில் டென்னசி மாநிலம் அதைச் செல்லாமல் ஆக்கிவிட்டது. ஓர் ஆண்டு உழைப்பு போயிற்று. தலைவரின் உத்தரவாக வைத்தால் அடுத்த தலைவர் மாற்றிவிடலாம், சட்டமாக வைத்தால் மாநிலம் குறுக்கே வரலாம். இன்னொரு ஓட்டை: எட்டு காரணங்களை எடுத்துவிட்டால் ஒன்பதாவது காரணத்தைத் தேடிப் பிடிக்கும் அதிகாரிகளும் இருப்பார்கள். மறிப்பு எண்ணிக்கையை இனவாரியாக, காரணவாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டால்தான் இது தெரியவரும்.

அப்புறம், எரியாத விளக்கு எரியாமலேயே இருந்துவிடக்கூடாது. மினசோட்டாவில் இதற்கு அழகான வழி கண்டார்கள்: மறித்த அதிகாரி அபராதச் சீட்டுக்குப் பதில் விளக்கு மாற்றிக்கொள்ள ஒரு கூப்பன் கொடுக்கிறார். மறிப்பையே குறைக்க முடியாத ஊர்கூட இதை நாளைக்கே செய்யலாம்.

## உடல் கேமரா

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாஷிங்டன் டி.சி.யில் 2,224 அதிகாரிகளை வைத்து, யாருக்குக் கேமரா என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து அளந்தார்கள். 2017-இல் வந்த முடிவு: பலப்பிரயோகத்திலும் புகார்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாட்டினாலே நடத்தை மாறிவிடும் என்று நம்பிப் பணம் போட்டால் ஏமாற்றம்தான்.

ஆனால் உண்மை வெளிவரக் கேமரா வேண்டும். மெம்ஃபிஸில் என்ன நடந்தது என்று உலகம் அறிந்தது உடல் கேமராவாலும் கம்பத்துக் கேமராவாலும்தான். முதல் 45 சொற்களை ஆராய முடிந்ததும் பதிவு இருந்ததால்தான். எனவே உங்கள் ஊரில் இதுவரை கேமராவே இல்லை என்றால் வாங்கச் சொல்லுங்கள். இருந்தால், புதிய மாடலுக்குப் பணம் கொடுப்பதற்குப் பதில், இருக்கும் பதிவுகளைச் சார்ஜென்ட்டுகள் ஒழுங்காக மாதிரி எடுத்துப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். கருவியின் விலையைவிட ஆண்டுதோறும் கட்டும் சேமிப்புக் கட்டணமும், பொதுமக்கள் கேட்கும்போது முகங்களை மறைத்துக் கொடுக்கும் ஊழியர் சம்பளமும்தான் பட்ஜெட்டைத் தின்னும்.

## போலீஸ் இல்லாமல் பார்த்துக்கொள்வது

இதில் இரண்டு வழிகள். ஒன்று, ஆயுதமில்லாத ஊழியர்கள் மறிப்பது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2020 ஜூலையில் இதற்கு ஓட்டுப் போட்டது, ஆனால் மாநிலப் போக்குவரத்துச் சட்டம் அந்த அதிகாரத்தைப் போலீஸுக்கு மட்டுமே கொடுப்பதால் திட்டம் அங்கேயே நின்றது. நல்ல யோசனை, ஆனால் உங்கள் மூன்று நிமிடத்தை இதற்குச் செலவிடாதீர்கள். இது மாநிலச் சட்டசபையில் கேட்கவேண்டியது.

மற்றொன்று, வேகக் கேமராவும் சிக்னல் கேமராவும். இங்கே அதிகாரியும் ஓட்டுநரும் நேருக்கு நேர் சந்திப்பதே இல்லை. நியூயார்க் நகரம் 2022 ஆகஸ்ட் முதல் வேகக் கேமராக்களை 24 மணி நேரமும் இயக்குகிறது, அபராதம் 50 டாலர். சான் பிரான்சிஸ்கோ 2025-இல் தொடங்கியது. ஆனால் குடித்துவிட்டுத் தடுமாறும் ஓட்டுநரைக் கேமரா நிறுத்தாது. சீட்டு வீட்டுக்கு வருவதற்குள் அவர் யார்மேலாவது ஏற்றியிருப்பார். கேமரா நடுநிலை என்று நினைத்தாலும் தவறு. சிகாகோவில் கறுப்பின, லத்தீன் மக்கள் அதிகம் வாழும் பகுதிகளுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வீதத்தில் சீட்டு போனதாக 2022-இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் கண்டது. அகலமான, வேகமாக ஓட்டத் தூண்டும் சாலைகள் அந்தப் பகுதிகளில் அதிகம் என்பது ஒரு காரணம். அபராதத்தை வருமானத்துக்கு ஏற்ப வைப்பதும் அந்தச் சாலைகளைக் குறுக்குவதும் சேர்ந்தே வரவேண்டும்.

## உங்கள் ஊருக்கு எது

கூட்டத்துக்குப் போகும் முன் போன ஆண்டு மறிப்புகளின் காரணவாரிப் பட்டியலைப் பொதுப்பதிவுக் கோரிக்கை போட்டு வாங்குங்கள். அதில் விளக்கு, பதிவு, கண்ணாடி மாதிரியான காரணங்கள் பெரும் பங்கு என்றால் மறிப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். மாநிலம் குறுக்கே வரும் ஊராக இருந்தால், சட்டத்தை விட்டுவிட்டு காவல்துறைத் தலைவரின் எழுத்துமூல உத்தரவையும், ஆண்டுதோறும் எண்ணிக்கை வெளியிடும் கடமையையும் கேளுங்கள். எண்ணிக்கை வெளியிடுவதைத் தடுக்கும் மாநிலத்தை நான் பார்த்ததில்லை.

ஏற்கெனவே வேகத்துக்கும் குடிபோதைக்கும் மட்டும்தான் மறிக்கிறார்கள், ஆனாலும் அடிதடி நடக்கிறது என்றால் பயிற்சியே முதலாவது. சின்ன ஊர், பத்துப் பதினைந்து அதிகாரிகள், இரவில் ஒருவர் தனியாகத்தான் ரோந்து போகிறார் என்றாலும் அப்படியே. உதவி வரும்வரை காத்திருக்கவும் பேசி நேரம் கடத்தவும் தெரிந்திருப்பது தனியாக நிற்பவருக்குத்தான் அதிகம் தேவை. பக்கத்து ஊர்களோடு சேர்ந்து நடத்தினால் ஓவர்டைம் செலவையும் பங்கிட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் இருக்கும் சாலையில் எல்லோரும் பறக்கிறார்கள், அதற்கு மாநில அனுமதியும் இருக்கிறது என்றால் வேகக் கேமரா.

பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் வந்தால் மூன்று கேள்விகளைப் பதிவில் ஏற்றிவிடுங்கள். ஓவர்டைம் இந்தத் தொகைக்குள் அடங்குமா? பயிற்சிக்கு முன்னும் பின்னும் பலப்பிரயோகத்தையும் காயங்களையும் யார் எண்ணுவார்கள்? அதிகாரிகள் சொந்தமாகப் போகும் வெளி வகுப்புகளுக்கு யார் ஒப்புதல் தருகிறார்கள்? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள், அடுத்த ஆண்டு பட்ஜெட்டின்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.